லெசன்ஸ் லேர்ன்ட் (கற்ற பாடங்கள்) ஷீட்டை அடுத்த புராஜெக்டில் யாரும் திறப்பதே இல்லை. என்ன செய்யலாம்?

கடைசித்தேதி (கேள்வி)

வணக்கம். 14 பேர் கொண்ட டீம், 8 முதல் 10 மாதம் ஓடும் சாஃப்ட்வேர் புராஜெக்டுகள். ஒவ்வொன்றையும் மூடும்போது இரண்டு மணி நேரம் உட்கார்ந்து லெசன்ஸ் லேர்ன்ட் எழுதுகிறோம். எக்செல்லில் 50, 60 வரி சேர்கிறது. ஷேர்டு ஃபோல்டரில் போட்டதோடு சரி, கிணற்றில் போட்ட கல்தான். அடுத்த புராஜெக்டிலும் அதே மூன்று இடங்களில் அடி விழுகிறது: டேட்டா மைக்ரேஷன், வெண்டர் தரவேண்டிய ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் இடைமுகம்) ஆவணம், கிளையன்ட் சைன்-ஆஃப் (ஒப்புதல்).

ஷீட்டில் இருக்கும் வரிகள் இப்படித்தான் இருக்கும்:
"டெஸ்டிங்கை முன்கூட்டியே தொடங்க வேண்டும்."
"தகவல் பரிமாற்றம் மேம்பட வேண்டும்."
"வெண்டரை நெருக்கமாகக் கண்காணிக்க வேண்டும்."

எப்போது சேகரிப்பது, எப்படி எழுதுவது, அடுத்த டீமைப் பயன்படுத்த வைப்பது எப்படி? இதற்கென்று தனி டூல் வாங்கினால் சரியாகுமா?

மைல்கல்

எழுதும் விதத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், பாதி நோய் அங்கேதான். ஒரு வரியைத் தலைகீழாக்கிப் பாருங்கள். "தகவல் பரிமாற்றம் மோசமாக இருக்க வேண்டும்" என்று யாராவது வாதாடுவார்களா? மாட்டார்கள் என்றால் அது பாடம் இல்லை, நல்லெண்ணம். அழித்துவிடலாம்.

மிஞ்சுவதில் ஐந்து விஷயம் இருக்க வேண்டும்: எந்த மாதிரி புராஜெக்டுக்குப் பொருந்தும், என்ன நடந்தது (எண்ணிக்கையோடு), ஏன் நடந்தது, அடுத்த முறை என்ன செய்வது, அதற்காக எந்த ஆவணத்தில் எந்த வரி மாறுகிறது. கடைசியில் சொன்னதற்குப் பக்கத்தில் ஒரு பெயரும் ஒரு தேதியும்.

உங்கள் முதல் வரியையே எடுத்துக்கொள்வோம். உதாரணத்துக்காக எண்களை நானே போடுகிறேன்:

பொருந்தும் இடம்: பழைய சிஸ்டத்திலிருந்து டேட்டா எடுத்து வரும் எல்லா புராஜெக்டும்.
நடந்தது: 5,000 பதிவுகளை மாதிரியாக வைத்து டெஸ்ட் செய்தோம், பிழை இல்லை. கோ-லைவுக்கு (சிஸ்டம் பயன்பாட்டுக்கு வரும் நாளுக்கு) 3 வாரம் இருக்கும்போது 12 லட்சம் பதிவுகளை ஏற்றினோம். இரட்டைப் பதிவுகளும் காலியான தேதிகளும் அப்போதுதான் வெளிவந்தன.
ஏன்: மாதிரி எடுத்தது கடைசி ஓராண்டு டேட்டாவிலிருந்து. குப்பை இருந்தது பழைய ஆண்டுகளில்.
அடுத்த முறை: முழு டேட்டாவோடு முதல் ஒத்திகை லோடு, கோ-லைவுக்கு 8 வாரம் முன்பு.
மாறுவது: அட்டவணை டெம்ப்ளேட்டில் "முழு ஒத்திகை லோடு" என்று ஒரு மைல்கல். பொறுப்பு: மைக்ரேஷன் லீட்.

"முன்கூட்டியே" என்ற சொல் எங்கே போனது பாருங்கள். 8 வாரம் என்று ஆகிவிட்டது. அது மட்டுமில்லை, "ஏன்" என்று கேட்டதால்தான் பிரச்சினை நேரத்தில் மட்டும் இல்லை, மாதிரி எடுத்த விதத்திலும் இருக்கிறது என்று தெரிகிறது. முதல் வரியை வைத்துக்கொண்டு அதே ஓராண்டு மாதிரியை இன்னும் சீக்கிரம் டெஸ்ட் செய்திருப்பீர்கள், அவ்வளவுதான். ஆகவே மாதிரி எடுக்கும் குறிப்பிலும் "எல்லா ஆண்டுகளிலிருந்தும்" என்று ஒரு சொல் சேர வேண்டும்.

60 வரியை இப்படி எழுத முயன்றால் ஐந்தாறுதான் தேறும். அது போதும்.

நாட்குறிப்பு

எப்போது என்ற கேள்விக்கு: கடைசியில் மட்டும் என்றால் தோல்விதான். பத்தாவது மாதம் கூட்டம் போடும்போது வெண்டர் ஆள் கிளம்பியிருப்பார், டெஸ்டர்கள் வேறு புராஜெக்டில் இருப்பார்கள், இருப்பவர்களுக்கும் கடைசி ஆறு வாரம்தான் ஞாபகம் இருக்கும். புராஜெக்ட் மேலாண்மைக் கையேடான பிம்பாக்கின் ஆறாம் பதிப்பே (2017) லெசன்ஸ் லேர்ன்ட் ரெஜிஸ்டரை ஆரம்பத்தில் திறந்து புராஜெக்ட் முழுக்க நிரப்பச் சொல்கிறது. பிரின்ஸ்2 என்ற இன்னொரு மேலாண்மை முறையிலும் லெசன்ஸ் லாக் (பாடக் குறிப்பேடு) முதலிலேயே திறக்கப்படும். மூடும்போது எழுதுவது தொகுப்பறிக்கை மட்டும்.

நடைமுறையில் இரண்டு வேலை. ஒன்று, ஏதாவது தவறினால் 48 மணி நேரத்துக்குள் லாகில் ஒரு வரி: தேதி, என்ன எதிர்பார்த்தோம், என்ன வந்தது. பாடமெல்லாம் அப்போது வேண்டாம். இரண்டு, ஒவ்வொரு மைல்கல் முடிந்ததும் 30 நிமிடம். அமெரிக்க ராணுவத்தின் ஆஃப்டர் ஆக்‌ஷன் ரிவியூ கேள்விகளே போதும்: என்ன நடக்க வேண்டியிருந்தது, என்ன நடந்தது, ஏன் வித்தியாசம், எதை அப்படியே வைப்பது, எதை மாற்றுவது.

கூட்டத்தில் முதல் 5 நிமிடம் எல்லோரும் பேசாமல் எழுதட்டும். மேலாளர் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் வாய் திறந்தால் மற்றவர்கள் எழுதியதைக்கூடப் படிக்க மாட்டார்கள். நடத்துபவர் வேறு டீம் ஆளாக இருந்தால் இன்னும் நல்லது.

தணிக்கைக்கண்

டூல் வாங்குவதற்கு முன் நாசா கதையைப் பார்த்துவிடுங்கள். செவ்வாய்க்கு அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் 1999 செப்டம்பரில் தொலைந்தது. தரைக் கட்டுப்பாட்டு மென்பொருளின் ஒரு கோப்பு உந்துதலின் அளவைப் பவுண்டு-விசை விநாடியில் கொடுத்தது, வாங்கிய பக்கம் நியூட்டன்-விநாடி என்று எடுத்துக்கொண்டது. வித்தியாசம் 4.45 மடங்கு. இதிலிருந்து "மெட்ரிக் அலகைப் பயன்படுத்துக" என்று பாடம் எழுதினால் அது வீண், ஏனென்றால் இடைமுக ஆவணத்தில் மெட்ரிக் என்று ஏற்கனவே எழுதியிருந்தது! விதி இருந்தது, அந்தக் கோப்பு விதிப்படி இருக்கிறதா என்று முழுச் சங்கிலியையும் ஓட்டிப் பார்க்கவில்லை. பாதை சரியில்லை என்று வழிகாட்டும் குழுவுக்கு வந்த சந்தேகமும் முறையான படிவத்தில் ஏறவில்லை.

எனவே எந்தப் பாடம் எழுதினாலும் முதலில் கேளுங்கள்: இது ஏற்கனவே எங்காவது எழுதியிருந்ததா? இருந்தது என்றால் மறுபடி எழுதிப் பயனில்லை. ஏன் அது மீறப்பட்டது, மீறியது ஏன் கண்ணில் படவில்லை என்பதுதான் பாடம். "கவனக்குறைவு" என்ற பதிலோடு நிறுத்தாதீர்கள்.

டூல் பற்றி: நாசாவிடம் பாடங்களுக்கென்றே ஒரு டேட்டாபேஸ் இருந்தது. இருந்தும் மேலாளர்கள் பாடங்களை வழக்கமாகப் பகிர்வதில்லை என்று அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2002 ஜனவரி அறிக்கையில் எழுதியது. தேடிப் போய்ப் படிக்க வேண்டிய இடத்தில் வைத்தால் நெருக்கடியில் யாரும் தேட மாட்டார்கள். எக்செல் போதும்.

கடைசித்தேதி

நன்றி. ஒரு சந்தேகம். மைல்கல் சொன்னபடி எல்லாவற்றையும் டெம்ப்ளேட்டில் ஏற்றினால் அது வீங்காதா? எங்கள் ரிலீஸ் செக்லிஸ்ட் இப்போதே 120 வரி. படிக்காமலே டிக் அடிக்கிறார்கள்.

அட்டவணைப்புலி

வீங்கும். அதனால் செக்லிஸ்ட்டைக் கடைசி வழியாக வையுங்கள். முதலில் தவறைச் செய்யவே முடியாதபடி ஆக்க முடியுமா பாருங்கள்: தேதி காலியாக இருந்தால் லோடு ஸ்கிரிப்ட்டே நிற்கட்டும், செக்லிஸ்ட் வரி தேவையில்லை. முடியாவிட்டால் ஒரு கேட்: வெண்டரின் ஏபிஐ ஆவணம் கையில் வராமல் அந்த மாட்யூலின் டிசைன் தொடங்காது. அதுவும் முடியாவிட்டால்தான் செக்லிஸ்ட். எல்லோருக்கும் மெயில் அனுப்புவது, பயிற்சி வகுப்பு வைப்பது எல்லாம் ஆகக் கடைசி.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எந்த புராஜெக்டிலிருந்து, எந்த ஆண்டு வந்தது என்று குறித்துவையுங்கள். ஏன் வந்தது என்று யாருக்கும் தெரியாத வரியை நீக்கும் தைரியமும் யாருக்கும் வராது, 120 ஆனது அப்படித்தான். தொடர்ந்து மூன்று புராஜெக்டுகளில் எதையும் பிடிக்காத வரியை மறுபரிசீலனைக்கு எடுங்கள். சட்டப்படியோ பாதுகாப்புக்கோ தேவையானதை மட்டும் தொடாதீர்கள்.

கிக்-ஆஃபுக்கு (புராஜெக்ட் தொடக்கக் கூட்டத்துக்கு) முன் 45 நிமிடம் ஒதுக்குங்கள். பொருந்தும் பாடங்களை வடிகட்டி, ஒவ்வொன்றுக்கும் முடிவு எழுத வேண்டும்: ரிஸ்க் ரெஜிஸ்டரில் (அபாயப் பட்டியலில்) ஒரு வரியா, அட்டவணையில் ஒரு வேலையா, எஸ்டிமேட்டில் மாற்றமா, அல்லது "பொருந்தாது, காரணம் இது." "படித்தோம்" என்பதை முடிவாக ஏற்காதீர்கள்.

எஸ்டிமேட் தவறினால் அதை வாக்கியமாக எழுதவே வேண்டாம், எண்ணாக வையுங்கள். மூன்று இன்டகிரேஷனுக்கு (சிஸ்டங்களை இணைக்கும் வேலைக்கு) 10, 12, 8 நாள் போட்டீர்கள், ஆனது 17, 19, 14 என்றால், 30 நாள் 50 ஆகியிருக்கிறது, 1.67 மடங்கு. அடுத்ததற்கு டீம் 15 நாள் என்றால் அட்டவணையில் 25 போடுங்கள். ஒரே ஒரு இன்டகிரேஷனை வைத்து இந்தக் கணக்கைப் போடக் கூடாது, வேலையும் ஒரே ரகமாக இருக்க வேண்டும்.

இன்னொரு பொறி: ஒரு வெண்டர் ஏமாற்றினார் என்று எல்லா வெண்டருக்கும் வாராந்திர ஒப்புதல் வைப்பது. ஒருமுறை நடந்ததை லாகில் வையுங்கள், இரண்டாவது முறை வந்தால் விதியாக்கலாம். விளைவு பெரிதாக இருந்தால் மட்டும் முதல் தடவையே.

கடைசித்தேதி

சைன்-ஆஃப் பாடத்தை மாற்றி எழுதிப் பார்த்தேன்: "கிளையன்ட் தரப்பில் இரண்டுக்கு மேற்பட்ட துறைகள் இருந்தால், ஒப்புதல் தரும் நபரின் பெயரையும் அவர் இல்லாதபோது யார் என்பதையும் கிக்-ஆஃப் குறிப்பில் எழுதி வாங்க வேண்டும். 5 வேலை நாளில் பதில் வராவிட்டால் உடனடியாக மேலே கொண்டுபோக வேண்டும். மாறுவது: கிக்-ஆஃப் டெம்ப்ளேட்." சரியா?

மைல்கல்

"உடனடியாக", "மேலே" இரண்டையும் எடுத்துவிட்டு, ஆறாவது நாள் யார் யாருக்கு மெயில் போடுவார் என்று எழுதுங்கள். "ஏன்" பகுதியும் விடுபட்டிருக்கிறது. போன முறை தாமதமானது ஆள் தெரியாததாலா, ஆவணம் 80 பக்கம் இருந்ததாலா? இரண்டாவது என்றால் பெயர் வாங்கி வைத்தும் தாமதமாகும்.

அட்டவணைப்புலி

அந்த 5 நாளை ஒப்பந்தத்திலும் போட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். டெம்ப்ளேட்டில் மட்டும் இருந்தால் அது உங்களை மட்டும்தான் கட்டுப்படுத்தும்.