வேசம் கட்டி வெளிய எறங்குன அனுபவம் – நம்ம குமரி மாவட்டத்துக்காரங்க சொல்லுங்க

வடசேரிக்காரன்:

மே மாசம் எனக்கு நடந்ததைச் சொல்லித் தொடங்குறேன். பொறவு நீங்க சொல்லுங்க.

நான் அனிமேன்னு சொல்ற ஜப்பான் கார்ட்டூன் பாத்திரங்கள் மாதிரி வேசம் கட்டுற ஆளு. காஸ்ப்ளேன்னு எத்தனை தடவை சொன்னாலும் அம்மாவுக்கு அது மாறுவேடப் போட்டிதான். "அவன் போட்டிக்குப் போறான்"னு பக்கத்து வீட்டுல சொல்லி வச்சிருக்கா. இருபத்தேழு வயசுல என்ன போட்டின்னு யாரும் கேக்கல, அதுவே ஆச்சரியம்.

இந்தத் தடவை கட்டுனது வெள்ளிக் கவசம், நீலத் தலைமுடி, முதுகுல ஒரு வாள். கவசம் முழுக்க ஃபோம் ஷீட்டுதான். ஹீட் கன்னால சூடு காட்டி வளைச்சு, ஆறுற வரைக்கும் பிடிச்சுக்கிட்டே இருந்தா அந்த வளைவுலயே நின்னுடும். பசையை ரெண்டு பக்கமும் தேய்ச்சு, விரல் வச்சா ஒட்டாத பதம் வந்த பொறவுதான் சேர்க்கணும். அவசரப்பட்டா வெயில்ல பிரிஞ்சிரும், அனுபவத்துல சொல்றேன். பெயிண்டுக்கு முன்னால ஃபெவிகால தண்ணி விட்டுக் கலக்கி மூணு கோட்டு. இல்லேன்னா ஃபோம் எவ்வளவு பெயிண்டையும் குடிச்சிட்டு நம்மளப் பாத்து நிக்கும்.

வட்டக்கோட்டைப் பக்கம் போட்டோ எடுக்கலாம்னு நானும் கேமராக்கார நண்பனும் காலையிலயே போனோம். படம் எடுத்து முடிச்சு வெளிய வரயில ரோட்டோரத்துல நொங்கு வெட்டிட்டு இருந்த ஆச்சி என்னைப் பாத்ததும் அரிவாளக் கீழ வச்சிட்டு எழும்பிட்டாவ. கையக் கூப்புனாவ.

"எந்த சாமி மக்ளே? தசராவுக்கு இன்னும் நாளு கெடக்கே?"

சாமி இல்ல ஆச்சின்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள சுருக்குப்பையில இருந்து பத்து ரூபா நோட்ட எடுத்து என் உள்ளங்கையில வச்சு, ரெண்டு கையாலயும் அழுத்திட்டாவ. அழுத்திட்டுக் காத்துட்டு நிக்காவ. குங்குமத்துக்குன்னு எனக்குப் புரியவே செத்த நேரம் ஆச்சு. எங்கிட்ட என்ன இருக்கு? வெள்ளிப் பெயிண்டுதான். தலையில கை வச்சு "நல்லா இருங்க ஆச்சி"ன்னேன். "சாமி நம்மள ஆச்சின்னா விளிக்கும்?"னு ஒரே சிரிப்பு அவியளுக்கு.

அந்தப் பத்து ரூபா இப்ப என் போன் கவருக்குள்ள இருக்கு. செலவழிக்க மனசு வரல. என்ன செய்யன்னும் தெரியல. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கா?

தென்தாமரைகுளம்:

தம்பி, அந்தக் காசுல சாயா கீயா குடிச்சிராத. அது உனக்குத் தந்ததில்ல, வேசத்துக்குத் தந்தது.

நான் ஒம்பது வருசமா குலசைக்கு, அதான் குலசேகரன்பட்டினம் தசராவுக்கு, காளி வேசம் கட்டுறேன். மாலை போட்டா விரதம். குரங்கு, போலீசு, குறவன்னு கட்டுறவங்க கொஞ்ச நாள் இருந்தாப் போதும், காளிக்கு அப்படி முடியாது. நான் நாப்பத்தொரு நாள் இருப்பேன், ஒரு நேரம் சாப்பாடு. கொடியேறுன பொறவு முத்தாரம்மன் கோயில்ல காப்புக் கட்டிட்டு வந்துதான் வேசம். அதுக்கப்புறம் எங்க செட்டோட, அதான் வேசம் கட்டுன கூட்டத்தோட, ஊரு ஊராப் போயி காணிக்கை எடுப்போம். எடுத்தது பத்தாம் நாள் உண்டியல்ல விழணும். அன்னைக்கு ராத்திரி கடற்கரையில சூரசம்காரம். கணக்கு முடிஞ்சுது. நடுவுல அதுல இருந்து பெட்ரோலுக்கு எடுத்தாலும் தப்புதான்.

கேட்டதுனால என் கதையையும் சொல்றேன். ஒரு வருசம் நான் ஒருத்தர்ட்ட வட்டிக்கு வாங்கி ரெண்டு மாசம் கட்டல. வீட்டு வாசல்ல வந்து ஊரே கேக்கப் பேசிட்டுப் போனாரு. அந்தத் தசராவுல செட்டு அவரு தெருவுக்குள்ளயே நுழைஞ்சிட்டு. சடைமுடி, கிரீடம், வெளிய தொங்குற நாக்கு, முகம் பூரா கறுப்பு. எங்க அம்மைக்கே அடையாளம் தெரியாது. அவரு குடும்பத்தோட வந்து என் கால்ல விழுந்தாரு. தட்டுல நூறு ரூபா. எழும்பி, கண்ண மூடிட்டு, "தாயே, வெளிய நிக்குற பணம் சீக்கிரம் வந்து சேரணும்"னாரு.

மக்கா, சிரிப்பும் வரல, அழுகையும் வரல. காளி பேசக் கூடாதுல்லா. குங்குமத்த எடுத்து நெத்தியில வச்சு விட்டேன். என் கை நடுங்குனத அருளுன்னு நெனச்சு அவரு மனைவி குலவை போட்டாவ.

தீவாளிக்கு முன்னாலயே முதலும் வட்டியுமாக் கொண்டு குடுத்துட்டேன். "எல்லாம் அம்மன் செயல்"னாரு. நானும் ஆமான்னேன்.

அருமனை ரப்பர்:

தென்தாமரைகுளம் அண்ணே, இத வாசிச்சிட்டு எனக்க வீட்டுல எல்லாரையும் கூப்பிட்டு ஒருக்கா உரக்க வாசிச்சேன்.

நமக்கு டிசம்பர் வேசம். கேரல் ரவுண்டுக்கு நான்தான் கிறிஸ்மஸ் தாத்தா, பதிமூணு வருசமா. சர்ச்சுல வேற யாருக்கும் இந்த வயிறு இல்ல. எங்க அருமனை கிறிஸ்மஸ் விழா தெரியாதவங்க இருக்க மாட்டிய. அந்தச் சமயத்துல ஊருக்குள்ள ஒரு தாத்தா இல்ல, முக்குக்கு ஒரு தாத்தா. ஒருக்கா மேப்புறம் ரோட்டுல மூணு செட்டு நேருக்கு நேரா வந்து, மூணு தாத்தாவும் கை குலுக்கிட்டு நிக்க, ஒரு சின்னப் பிள்ள "அம்மா, இதுல ஒரிஜினல் எது?"ன்னு கேட்டு அழுதுச்சு.

கஷ்டம் எதுலன்னா அந்தச் செவப்புத் துணியிலயும் பிளாஸ்டிக் முகமூடியிலயும். பனி விழுற ஊருக்குள்ள உடுப்ப நாம போட்டுட்டு ட்ரம்முக்கு ஆடணும். பத்து வீடு கழிஞ்சா உள்ள வேர்த்து ஒழுகும். ஒவ்வொரு வீட்டுலயும் கேக்கும் முந்திரிக்கொத்தும் நீட்டுவாங்க. முகமூடியக் கழத்தாம எப்படித் தின்ன? பையில போட்டுட்டு வந்து வீட்டுல வச்சுத் தின்போம்.

மாட்டிக்கிட்டது ஒரே ஒருக்கா. நான் ரப்பர் வெட்டுக்காரன், வெளுப்புக்குப் பால் எடுக்க மரம் வெட்டப் போறவன். ரப்பர் ஷீட்டுக்குப் பால்ல ஆசிட் ஊத்துற மணம் எத்தனை சோப்பு போட்டாலும் கையில இருந்து போவாது. ஒரு வீட்டுல மூணு வயசுப் பிள்ளைக்கு மிட்டாய் குடுத்தேன். அது மிட்டாய வாங்காம எனக்க கைய மணந்து பாத்துட்டு, "தாத்தாக்கு அப்பாக்க மணம்"னுச்சு. அதுக்க அப்பனும் வெட்டுக்காரன்தான். வீடே சிரிச்சு. அந்தத் தாத்தா நம்ம ஆளுதான்னு அந்தப் பிள்ளைக்கு இப்பவும் நம்பிக்கை.

குலசேகரம் பட்டறை:

ரப்பர்னு வந்ததால நான் பட்டதையும் சொல்லிடுறேன், யாராவது முகமூடி செய்ய நெனச்சா காசு மிச்சம்.

காடு முழுக்க ரப்பர் இருக்க, கடையில போயி எதுக்கு லேட்டக்ஸ் வாங்கன்னு ஒரு திமிரு. மரத்துல இருந்து வர பாலுல அமோனியா கலந்தா உறையாது. அத வச்சுக் களிமண் அச்சுல பிரஷ்ஷால பத்துப் பன்னெண்டு கோட்டு அடிச்சேன். ஒவ்வொரு கோட்டும் காஞ்ச பொறவு அடுத்தது. அச்சுல இருந்து உரிச்சப்ப அருமையா வந்துச்சு, பேய் முகம், சுருக்கம் எல்லாம் தெளிவா.

ஏப்ரல் மாசம் கல்லூரி விழாவுக்கு அதப் போட்டுட்டு வெயில்ல நின்னேன். அரை மணி நேரத்துல உள்பக்கம் கன்னத்துல ஒட்டத் தொடங்கிச்சு. பச்சை ரப்பர் வெயிலுக்கு இளகும்னு தாத்தா காலத்துல இருந்தே வீட்டுல தெரியும், எனக்கு மட்டும் அந்த நேரம் தோணல. கந்தகம் சேர்த்துப் பதப்படுத்துன பால்தான் முகமூடிக்கு ஆகும். பதப்படுத்துனாலும் உள்ள பவுடர் தடவணும். கழத்தும்போது ஒரு பக்கப் புருவம் அதோட போயிட்டு. அந்தக் கோலத்துலதான் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனேன், அந்த போட்டோவ யாரும் கேக்காதிய.

இன்னொண்ணு, இது விளையாட்டில்ல. சிலருக்கு லேட்டக்ஸ் ஒத்துக்காது, தடிச்சுப் போவும், மூச்சு கூட முட்டும். பிள்ளைகளுக்குப் போடுறதுக்கு முன்னால கையில கொஞ்சம் வச்சுப் பாருங்க.

மாவேலி (கூலிக்கு):

ஓணத்துக்குத் துணிக்கடை வாசல்ல மாவேலியா, அதான் மகாபலி ராஜாவா, நின்னிருக்கேன். ஓலைக்குடை, மீசை, வயித்துக்குத் தலையணை. காலையில பத்துல இருந்து ராத்திரி எட்டு வரை. யாரும் கால்ல விழல. பாத்ரூம் போகணும்னா தலையணைய அவுக்க ஒரு ஆளு வேணும். கூலி வந்துச்சு, சந்தோசம்.

பிள்ளையோட அம்மா:

எங்க வீட்டுல திருவள்ளுவர். யுகேஜி. பஞ்சுத் தாடி வச்சுக் கூட்டிட்டுப் போனா மேடைக்கு ஏறுறதுக்குள்ள பாதித் தாடியத் தின்னாச்சு. குறள் மறந்துட்டு, "133 அடி"ன்னு மட்டும் கத்திட்டு எறங்கிட்டான். ஆறுதல் பரிசு தந்தாங்க.

கோட்டாறு பொண்ணு:

எல்லாரும் சிரிக்கிறீங்க, நானும் சிரிச்சேன். ஆனா வேசம் போட்டா ஊரே கும்பிடும்கிறது ஆம்பிளைங்க அனுபவம். கொஞ்சம் என்னோடதையும் கேளுங்க.

நானும் காஸ்ப்ளேதான். அம்மா தையல்காரி, அதனால என் உடுப்புல ஒரு தையல் கோணலா இருக்காது. 2024 பிப்ரவரியில சென்னைக்கு முதல் தடவையா காமிக் கான் வந்தப்ப கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்ல போனேன். என் இறக்கை ரெண்டும் அப்பர் பெர்த்துல, நான் உக்காந்துக்கிட்டே. டிடிஆர் மேல பாத்து, "இதுக்கு டிக்கெட் இருக்கா?"ன்னாரு. விளையாட்டுக்குத்தான். அங்க நந்தம்பாக்கத்துல ரெண்டு நாளும் என்னைத் தெரியாதவங்க நூறு பேராவது படம் எடுத்திருப்பாங்க. ஒருத்தர் விடாம முதல்ல கேட்டாங்க. "இறக்கையத் தொடலாமா?"ன்னு ஒரு பையன் கேட்டான். தொடாதன்னேன், தலையாட்டிட்டுப் போயிட்டான். அவ்வளவுதான் விஷயம்.

அதே உடுப்புல நம்ம முக்கடல் பக்கம் சாயங்காலம் படம் எடுக்கப் போனேன். சூரியன் மறையுறதப் பாக்க வந்த கூட்டம் முழுக்க எம்பக்கம் திரும்பிட்டு. கேக்காமலே பக்கத்துல வந்து தோள்ல கை போடுறான். இன்னொருத்தன் முடி ஒரிஜினலான்னு விக்கப் பிடிச்சு இழுக்கான். எங்கூட வந்த தோழி கத்துறா, யாரும் கேக்கல. கடைசியில சங்கும் பாசியும் விக்குற அக்கா ஒருத்தங்கதான் கடைய விட்டுட்டு வந்து, "லேய், உனக்க தங்கச்சின்னா இப்படி இழுப்பியா"ன்னு போட்ட சத்தத்துல கூட்டம் கலைஞ்சது. கடைக்குப் பின்னால உக்கார வச்சு குடிக்க வெள்ளம் தந்தாங்க. "இது என்ன வேசம் பிள்ள?"ன்னு அப்புறந்தான் கேட்டாங்க.

எனக்கு யாரும் பத்து ரூபாயும் தரல, குங்குமமும் கேக்கல. காளி வேசம் கட்டுற அண்ணே மேல ஒருத்தன் கை வைப்பானா?

தென்தாமரைகுளம்:

வைக்க மாட்டான் தங்கச்சி. கையில சூலம் இருக்கு, சுத்தி முப்பது பேரு செட்டு இருக்கு, மேள சத்தம் இருக்கு. தனியாக் கெளம்பாத, எங்க செட்டுப் பயலுவ நாலு பேர அனுப்புறேன். படத்துல வர மாட்டானுவ, ஓரமா நிப்பானுவ.

கோட்டாறு பொண்ணு:

அண்ணே, நாலு பேரும் வேசத்தோட வந்தா இன்னும் நல்லது. குரங்கு வேசம் இருந்தா சொல்லுங்க.

பழைய ஆளு:

ஜப்பான்காரன் வேசத்துக்கு இவ்வளவு பெகளமா? நம்ம ஊருல இல்லாத வேசமா? திருவட்டாறுல கதகளிக்கு அரிசிமாவும் காகிதமும் வச்சு முகத்தச் சுத்தி சுட்டி குத்துறதுக்கே மணிக்கணக்கா அசையாம மல்லாந்து கெடப்பாங்க. கண்ணு செவக்கச் சுண்டப்பூ விதைய இமைக்குள்ள போடுவாங்க. கோயில் கொடைக்குக் கணியான் கூத்துல ஆம்பிளைதான் சேலை கட்டி ஆடுறான்.

கோட்டாறு பொண்ணு:

ஜப்பான்காரங்க காஸ்ப்ளேன்னு பேருதான் வச்சாங்க மாமா, அதுவும் 1980-கள்ல. 1939-லயே நியூயார்க்குல நடந்த அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு மிர்ட்டில் டக்ளஸ்னு ஒரு அம்மா தனக்கும் தன் நண்பருக்கும் எதிர்கால உடுப்பு தச்சுப் போட்டுட்டுப் போனாங்க. ரெண்டையும் தச்சது அவங்கதான். கதகளி நான் பாத்திருக்கேன். சுட்டி குத்துறத உக்காந்து பாக்கணும்னு ஆசை, அடுத்த திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?

பழைய ஆளு:

ஐப்பசித் திருவிழாவுக்கு வா. உங்க அம்மையையும் கூட்டிட்டு வா. தூங்கிராதிய, ராத்திரி பூரா நடக்கும்.

வடசேரிக்காரன்:

நேத்து மறுபடி வட்டக்கோட்டைப் பக்கம் போனேன். சாதா பேண்ட் சட்டை. அந்த ஆச்சி அதே எடத்துலதான் இருந்தாவ. என்னை அடையாளம் தெரியல. "நிக்காத, வெயிலு, உள்ள வந்து நில்லு"ன்னாவ, அவ்வளவுதான்.

நொங்கு வாங்குனேன், அறுபது ரூபா. ஜிபே இல்ல. பர்சுல ஒரே ஒரு அம்பது ரூபா. "ஒரு பத்து ரூபா இருக்காதா தம்பி?"ன்னாவ. இல்ல ஆச்சின்னேன். அவிய என் கையில இருந்த போனப் பாக்காவ. கவரு கண்ணாடி மாதிரி, நோட்டு பளிச்சுன்னு தெரியுது.

"அந்தா இருக்கே?"

"அது சாமி காசு ஆச்சி. குலசை உண்டியலுக்கு."

"அப்ப அதத் தொடாத. பத்து ரூபாய பொறவு வரும்போது தா"ன்னுட்டு, இன்னும் ரெண்டு நொங்கு எடுத்து இலையில வச்சுக் கட்டித் தந்தாவ.

தென்தாமரைகுளம் அண்ணே, செட்டுல ஆளு எடுக்குறீங்களா?

தென்தாமரைகுளம்:

கவசத்தக் கழத்தி வச்சிட்டு வா. மொத வருசம் குரங்குதான்.