புதுப்பிப்பு: விசிறி வாங்காமலே பசுமைக்குடில் குளிர்ந்தது

எங்கள் தாவரவியல் துறைப் பசுமைக்குடில் மதியத்தில் அடுப்பாகிறது, விசிறியும் ஈரப்பட்டையும் (தண்ணீர் ஊறிய தடித்த பட்டை; அதிலுள்ள நீர் ஆவியாகி, உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும்) வாங்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். வாங்கவில்லை. கடலோர ஊரில் காற்றிலேயே ஈரம் அதிகம், ஈரப்பட்டை பெரிதாகக் குளிர்விக்காது என்று சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

கூரை உச்சியில் நீளவாக்கில் திறப்பு விட்டோம். பக்கங்களில் பாலித்தீனைச் சுருட்டி ஏற்றிவிட்டுப் பூச்சிவலை கட்டினோம். சூடான காற்று மேலே வெளியேற, கீழே வலை வழியாகப் புதுக்காற்று நுழைகிறது. மாணவி ஒருத்தி ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடித்தாள். புகை நெளிந்து நெளிந்து உச்சித் திறப்புக்கே போனது. அந்த ஒரு நிமிடம் பத்து வகுப்புக்குச் சமம்!

வலையில் தூசி அடைத்தால் காற்றோட்டம் குறைகிறது, அடிக்கடி கழுவ வேண்டும்.

கூரைத் தண்ணீருக்குத் தொட்டியும் வைத்தாயிற்று. 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர். தக்காளி நாற்றுகள் இப்போது வாடுவதில்லை.