காலியாகக் கிடக்கும் அறையை வாடகைக்கு விடலாமா?

வாசற்படி:
மகள் மணமாகிப் போன பிறகு அவளுடைய அறை பூட்டியே கிடந்தது. இரண்டு ஆண்டுகளாக அதைக் கல்லூரியில் படிக்கும் பெண்களுக்கு மாத வாடகைக்கு விடுகிறேன். வீட்டுக் கடன் தவணையில் பாதி அதிலேயே அடைகிறது. பூட்டி வைத்தாலும் அந்த அறைக்கும் சேர்த்துத்தானே வட்டியும் வரியும் கட்டுகிறோம்? கூடுதல் அறை இருப்பவர்கள் எல்லோரும் தயங்காமல் விடலாம்.

மூன்றாம்மாடி:
எல்லோரும் என்று சொல்லாதீர்கள், அம்மா. நாங்கள் எட்டு மாதம் விட்டுப் பார்த்து நிறுத்தினோம். வந்தவர் நல்லவர், ஒரு மாதம்கூட வாடகை தவறியதில்லை. ஆனால், இரவில் அவர் வந்து கதவில் சாவி திருகும் ஓசை கேட்கும்வரை என் மனைவிக்கு உறக்கம் பிடிக்காது. ஒருநாள் என் பத்து வயது மகன் கூடத்தில் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே பாடம் படித்துக்கொண்டிருந்தான். ஏனென்று கேட்டேன். "மாமா தூங்குகிறார்" என்றான். சொந்த வீட்டில் பிள்ளை குரலை அடக்கப் பழகிவிட்டான். எந்த வாடகை இதற்கு ஈடாகும்?

கணக்குப்பிள்ளை:
கைக்கு வரும் வாடகை முழுவதும் வருமானம் என்று நினைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. அதிலும் நாள் வாடகை என்றால் உழைப்பு அதிகம். ஆள் மாறும்போதெல்லாம் விரிப்பு துவைத்து, குளியலறை கழுவி, சாவி கொடுத்து வாங்க இரண்டு மணி நேரம் என்று வையுங்கள். மாதம் பத்துப் பேர் வந்தால் இருபது மணி நேரம். அந்தக் கூலியையும் மின்கட்டணத்தையும் முன்பதிவு இணையதளத்தின் தரகுத் தொகையையும் கழித்துவிட்டு மிச்சத்தைச் சொல்லுங்கள். வீட்டுக் காப்பீடு பல இடங்களில் பணம் கொடுத்துத் தங்குபவரால் வரும் சேதத்தை ஏற்காது. கடன் கொடுத்த வங்கியின் ஒப்புதலும் தேவைப்படலாம். ஊருக்கு ஊர் சட்டம் வேறு. ஜப்பானில் 2018-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, வீட்டில் இப்படி ஆண்டுக்கு 180 நாள் வரைதான் விருந்தினரைத் தங்க வைக்க முடியும்.

புதுச்சாவி:
ஐயா, அந்தக் கட்டுப்பாடுகளையும் அம்மா செய்வதையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. 2007-இல் சான் பிரான்சிஸ்கோவில் வாடகை கட்டத் திணறிய இரண்டு இளைஞர்கள், தாங்கள் குடியிருந்த வீட்டிலேயே காற்று மெத்தை விரித்து ஆட்களைத் தங்க வைத்தார்கள். வீட்டையும் அறையையும் நாள் வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பி இணையதளம் அங்கேதான் தொடங்கியது. முழு வீடுகளையே வளைத்துப் போட்டு நாள் வாடகைக்கு விடும் வியாபாரம் பிறகு வந்தது. நியூயார்க்கில் 2023 முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்படும் விதியைப் பாருங்கள். 30 நாளுக்குக் குறைவாகத் தங்க வைத்தால் வீட்டுக்காரர் உடன் இருக்க வேண்டும். விருந்தினர் இருவரைத் தாண்டக் கூடாது. தன் வீட்டில் ஓர் அறையை விடுபவருக்கு அங்கேயும் இடம் இருக்கிறது. பிரிட்டனில் அதற்கு வரிச்சலுகையே கொடுக்கிறார்கள். ஆண்டுக்கு 7,500 பவுண்டு வரை வரியில்லை.

மூன்றாம்மாடி:
சட்டம் இடம் கொடுக்கட்டும், தம்பி. ஒரே குளியலறைக்கு ஐந்து பேர் காலை ஆறரை மணிக்கு வரிசையில் நிற்பதை எந்தச் சட்டம் தீர்க்கும்?

வாசற்படி:
அதை முதலிலேயே எழுதி வாங்க வேண்டும். நான் பட்டுத்தான் கற்றேன். முதலில் வந்த பெண்ணிடம் எதையும் எழுதி வாங்கவில்லை. அவளுடைய தோழி ஒரு மாதம் உடன் தங்கினாள். இப்போது விருந்தினர், சமையலறை நேரம், முன்பணம், காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு என எல்லாம் ஒரே தாளில் இருக்கிறது. சுவரையும் கட்டிலையும் இருவரும் சேர்ந்து படம் எடுத்துக்கொள்கிறோம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன மாதம் நான் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். கதவைத் தட்டியது அந்தப் பெண்தான். தனியாக இருக்கும் எனக்கு அது பணத்தைவிடப் பெரிது.

மூன்றாம்மாடி:
நீங்கள் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி, அம்மா. உங்கள் வீட்டில் ஆள் குறைவு, எங்கள் வீட்டில் இடம் குறைவு. அந்த அறையில் இப்போது மகனுடைய மேசை இருக்கிறது. இன்று காலை தெருவுக்கே கேட்கும்படி வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தான். நான் அதை இனி விடப்போவதில்லை.