மதுரையில் எந்த நேரத்துக்கு எந்தக் கடை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தல்லாகுளம்:

மதுரையில் நல்ல சாப்பாட்டுக் கடை எது என்று கேட்டால் பத்துப் பேர் பத்துப் பெயர் சொல்வார்கள். பத்தும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் காலையில் போய் புரோட்டா தேடினாலும், ராத்திரி ஒன்பது மணிக்குப் போய் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) கேட்டாலும் அந்தப் பெயர்களால் ஒரு பயனும் இல்லை. இந்த ஊரில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு வேளை உண்டு. அந்த வேளையிலும் ஒன்றிரண்டு ஐட்டத்தில்தான் அதன் கைப்பக்குவம் தெரியும். அதனால் உங்கள் பகுதியின் பெயரை மேலே போட்டு, கடைப் பெயரோடு நேரத்தையும் ஐட்டத்தையும் சேர்த்தே எழுதுங்கள். மதியத்தை நான் எழுதிவிடுகிறேன்.

அசைவ மெஸ்ஸில் 12.30 மணிக்கு உட்கார்ந்துவிடுங்கள். 1.15 தாண்டினால் பாதி ஐட்டம் இருக்காது. ஓர் ஆட்டுக்கு ஒரு மூளை, ஒரு சுவரொட்டி, ஓர் ஈரல்தான். தொடைக்கறி, நெஞ்செலும்பு எல்லாம் கிலோக்கணக்கில் வந்துவிடும், இவை வராது. வெளியே தனியாக வாங்கிச் சேர்த்தாலும் எண்ணிக்கை விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஆகவே இலை போட்டதும் முதலில் மூளையும் சுவரொட்டியும் இருக்கிறதா என்று கேளுங்கள். அடுத்து நல்லி, குடல், ரத்தப் பொரியல். சுக்காவும் கோலா உருண்டையும் மூன்று மணிக்குப் போனாலும் கிடைக்கும், அவற்றுக்கு அவசரமில்லை. சுவரொட்டி சரியான பதத்தில் இருந்தால் விரலால் அழுத்தினால் குழையும். ரப்பர்போல இழுத்தால் அதிகம் வதக்கிவிட்டார்கள் அல்லது காலையில் செய்ததை மறுபடி சூடு காட்டியிருக்கிறார்கள்.

அழகர்கோவில் சாலை அம்மா மெஸ்ஸில் எலும்பு மஜ்ஜை ஆம்லெட் கேளுங்கள். மஜ்ஜை முழுக்கக் கொழுப்பு. கல்லிலிருந்து எடுத்த இரண்டு மூன்று நிமிடத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். ஆறினால் கொழுப்பு உறைந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சாதம் முடிந்த பிறகு சாப்பிடலாம் என்று ஓரமாக ஒதுக்கி வைக்கிறவர்கள் நிறையப் பேர், அவர்கள்தான் நன்றாக இல்லை என்று எழுதுகிறார்கள்.

அயிரை மீன் குழம்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விரல் நீளம்கூட வராத மீன், குடல் எடுக்காமல் முழுதாகச் சமைப்பது. கண்மாய்ச் சேற்றில் வாழ்வதால் வயிற்றில் மண் இருக்கும். உயிரோடு வாங்கி, தேங்காய்ப்பால் கலந்த தண்ணீரில் விட்டு மண்ணைக் கக்கவைத்து, பிறகு கல் உப்புப் போட்டு உரசிப் பல தண்ணீர் மாற்றிக் கழுவ வேண்டும். இந்த வேலையில் சோம்பினால் குழம்பில் நறநறப்பு வரும், எந்த மசாலாவும் அதை மறைக்காது. மீனைக் கடைசியில்தான் போட வேண்டும். புளியும் மிளகாயும் கொதித்து எண்ணெய் மிதந்த பிறகு போட்டு ஐந்து நிமிடம், அவ்வளவுதான். அதற்கு மேல் கரண்டியால் கிண்டினால் உடைந்து கரைந்துவிடும். மழை பெய்து கண்மாயில் தண்ணீர் வரும் மாதங்களில் வரத்து கூடுதல். சுக்காவைவிட விலை அதிகம் என்பதால் சொல்வதற்கு முன் விலையைக் கேட்டுவிடுங்கள், அதில் கூச்சம் வேண்டாம்.

சாப்பாட்டில் குழம்பு வரிசையும் முக்கியம். முதலில் மட்டன் குழம்பு, பிறகு கோழி, அதன் பிறகு மீன். மீன் குழம்பின் புளியை முதலில் நாக்கில் ஏற்றிவிட்டால் அப்புறம் மட்டன் குழம்பு வெறும் தண்ணீராகத் தெரியும்.

சிம்மக்கல்:

அண்ணே, கறிதோசையை எங்களுக்கு விட்டுவைத்ததற்கு நன்றி. சிம்மக்கல் கோனார் மெஸ் என்றாலே அதுதான். நேரம் சாயங்காலத்துக்கு மேல். இரண்டு பேர் போனால் முதலில் ஒன்று மட்டும் சொல்லுங்கள். பார்க்க ஊத்தப்பம் அளவுதான் இருக்கும், ஆனால் ஒன்றே ஒருவருக்கு வயிறு நிறைந்துவிடும்.

அதன் கட்டுமானம் மூன்று அடுக்கு. கல்லில் இரண்டு குழிக்கரண்டி மாவை ஊற்றி, தேய்க்காமல் அரை விரல் கனத்துக்கு விடுகிறார்கள். மேல் மாவு ஈரமாக இருக்கும்போதே அடித்த முட்டையைப் பரப்புவார்கள். முட்டை இறுகுவதற்கு முன்பே வெந்த கொத்துக்கறி மசாலா அதன்மேல் விழ வேண்டும். வீட்டில் செய்கிறவர்கள் தவறுவது இந்த இடத்தில். முட்டை வெந்த பிறகு கறியை வைத்தால் பிடிப்பு இருக்காது, புரட்டும்போது கறி கல்லில் சிதறும். ஒரு தோசைக்கு ஒரு முட்டை, 80 முதல் 100 கிராம் வெந்த கறி போதும். கறி பட்டாணி அளவுக்கு நறுக்கியிருக்க வேண்டும். மசாலா சுருண்டு எண்ணெய் விட்டிருக்க வேண்டும், குழம்பாக இருந்தால் மாவு ஊறி நடுப்பகுதி களியாகிவிடும். பிறகு சுற்றிலும் எண்ணெய் விட்டு மிதமான தீயில் மூன்று நான்கு நிமிடம், புரட்டிப்போட்டு லேசாக அழுத்தி இன்னும் இரண்டு நிமிடம். தீயைக் கூட்டினால் அடி கருகும், நடுமாவு பச்சையாக நிற்கும். மாவும் புளித்துப்போனதாக இருக்கக் கூடாது, கறியின் ருசியை அது அமுக்கிவிடும்.

நல்ல கறிதோசையைப் பிய்த்துப் பார்த்தால் மூன்றும் சேர்ந்தே வரும். கறி தனியாக உதிர்ந்தால் அந்தக் கடையில் அடுத்த முறை வேறு ஐட்டம் சொல்லுங்கள்.

சாத்தமங்கலம்:

புரோட்டாவுக்கு நேரம் ராத்திரி 7.30 முதல் 10 வரை. சீக்கிரம் போனால் கல் இன்னும் சீராகச் சூடேறியிருக்காது, முதல் ஈடு ஒரு பக்கம் வெளுத்து ஒரு பக்கம் சிவந்து வரும். 11 மணிக்கு மேல் சால்னா சுண்டி உப்பு ஏறியிருக்கும், அல்லது தண்ணீர் ஊற்றி நீட்டியிருப்பார்கள்.

கடையைத் தேர்ந்தெடுக்கப் பெயர்ப்பலகையைப் பார்க்காதீர்கள், அடுக்கைப் பாருங்கள். நல்ல மாஸ்டர் கல்லில் வெந்த ஐந்தாறு புரோட்டாவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சூடு இறங்குவதற்கு முன் இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடிப்பார். அந்த அடியில்தான் உள்ளே இருக்கும் மடிப்புகள் பிரிகின்றன. ஆறிய பிறகு அடித்தால் நொறுங்குமே தவிரப் பிரியாது. அடுக்கு சிறியதாக இருந்து அடிக்கடி காலியானால் உட்காருங்கள். இருபது முப்பது போட்டுத் துணியால் மூடி வைத்திருந்தால், கேட்டதும் கல்லில் மறுபடி சூடு காட்டித்தான் தருவார்கள். ஓரம் விறைத்து, மென்று மென்று தாடை வலிக்கும்.

மாவுக் கணக்கு: 1 கிலோ மைதாவுக்குத் தண்ணீர் 550 மி.லி. அளவில், உப்பு 20 கிராம், சர்க்கரை இரண்டு டீஸ்பூன், எண்ணெய் 50 மி.லி. பிசைந்து ஈரத்துணி போட்டு ஒரு மணி நேரம், 80 கிராம் உருண்டை பிடித்து எண்ணெயில் புரட்டி இன்னும் அரை மணி நேரம். 20 உருண்டை வரும். ஊறவைக்கிற நேரத்தைக் குறைத்தால் வீசும்போது மாவு பின்னுக்கு இழுத்துக்கொள்ளும், விரியாது, கிழியும். வீட்டில் வீச வராதவர்கள் எண்ணெய் தடவிய மேடையில் கையால் இழுத்து மெல்லிசாக்கி, கொசுவம்போல மடித்துச் சுருட்டினாலும் மடிப்பு வரும்.

எங்கள் பக்கம் ஆவின் அருகே பன் புரோட்டா பிரபலம். அதே மாவுதான், சுருட்டிய உருண்டையைத் தட்டி மெல்லிசாக்காமல் கனமாகவே விட்டு, எண்ணெய் தாராளமாக ஊற்றிய கல்லில் நிதானமாக வேகவைப்பது. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. சாதாரண புரோட்டாவைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். மாஸ்டரை அவசரப்படுத்தினால் தீயைக் கூட்டிவிடுவார், உள்ளே மாவு வேகாமல் வரும். இதைப் பிய்த்து மொத்தத்துக்கும் சால்னா ஊற்றி ஊறவிடாதீர்கள், மொறுமொறுப்புக்காகத்தானே இதைச் சொன்னோம். ஒவ்வொரு வாயாகத் தொட்டுச் சாப்பிடுங்கள்.

விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டாவை இத்துடன் குழப்ப வேண்டாம். அது எண்ணெயில் மிதக்கவிட்டுப் பொரிப்பது, அதற்கு அந்த ஊருக்கே போங்கள்.

கொத்து புரோட்டாவில் ஒரே சோதனைதான்: துண்டுகளில் மடிப்பு தெரிகிறதா? தெரிந்தால் அன்றைய புரோட்டா, கடைசியில் அளவாகச் சால்னா விட்டிருக்கிறார்கள். சேறாகக் குழைந்திருந்தால் மிஞ்சிப்போனதைச் சால்னாவில் ஊறவைத்துக் கொத்தியது.

கீழவாசல்:

ஜிகர்தண்டா. விளக்குத்தூண் அருகே 1977இல் தொடங்கிய பேமஸ் ஜிகர்தண்டாவை எல்லோருக்கும் தெரியும், அதனால் கடையைச் சொல்லப்போவதில்லை. மற்ற கடைகளில் எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். பால் நிறம் பாருங்கள். நிதானமாகப் பாதிக்குப் பாதி சுண்டிய பால் இளம்பழுப்பாக இருக்கும். பளிச்சென்று ரோஸ் நிறம் என்றால் எசன்ஸ். அடியில் கடல்பாசி அல்லது பாதாம் பிசின், அதன்மேல் நன்னாரி சர்பத், சுண்டிய பால், மேலே ஐஸ்கிரீம். பிசின் ராத்திரி முழுக்க ஊறியிருக்க வேண்டும், நடுவில் கடுக்கென்று ஏதாவது பல்லில் பட்டால் ஊறவில்லை என்று அர்த்தம். ஐஸ்கட்டியை உடைத்துப் போடுகிற கடை வேண்டாம், பால் நீர்த்துவிடும். கனமான மதியச் சாப்பாட்டுக்குப் பின் உடனே குடிக்காமல் நாலு மணிக்கு வாருங்கள்.

முனிச்சாலை:

எல்லோரும் கறியிலேயே நிற்கிறீர்கள். சாயங்காலம் நாலரை, ஐந்து மணிக்கு வீதியோரத்தில் முள்ளு முருங்கை வடை போடும் அக்காக்களை விட்டுவிட்டீர்களே. முள்ளு முருங்கை என்கிற கலியாண முருங்கை இலையின் நரம்பைக் கிள்ளி எடுத்து, ஊறிய பச்சரிசியோடு கெட்டியாக அரைத்து, பூரிபோலத் தட்டிப் பொரிப்பது. தண்ணீர் கூடினால் எண்ணெய் குடிக்கும். எடுத்த சூட்டில் மேலே பொடி தூவித் தருவார்கள். சளிக்கு நல்லது என்று வாங்குகிறவர்களும் உண்டு, ருசிக்காக வாங்கினாலும் தகும். இங்கே எண்ணெயைக் கவனியுங்கள்: வடை போட்டதும் எழும் நுரை சட்டென்று அடங்கினால் நல்ல எண்ணெய். அடங்காமல் பொங்கிக்கொண்டே இருந்து, நிறமும் கறுத்திருந்தால் பலமுறை காய்ந்தது, நகர்ந்துவிடுங்கள்.

தள்ளுவண்டிப் பருத்திப்பாலும் அந்த நேரத்துக்கே வரும், சில இடங்களில் விடியற்காலையிலும் உண்டு. செய்முறை கேட்கிறவர்களுக்கு: 200 கிராம் பருத்திக்கொட்டையை ராத்திரி ஊறவைத்து, நன்றாகக் கழுவி அரைத்து மூன்று முறை பால் பிழிய வேண்டும். மெல்லிய துணியில் வடிகட்டாவிட்டால் தொண்டையில் பஞ்சு உறுத்தும். பாலைப் பச்சை வாசனை போகும்வரை கொதிக்கவைத்து, ஊறிய பச்சரிசி இரண்டு கைப்பிடி அரைத்து ஊற்றிக் கைவிடாமல் கிண்ட வேண்டும், நிறுத்தினால் அடிபிடிக்கும். அதற்குப் பிறகே காய்ச்சி வடிகட்டிய 200 கிராம் கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய், தேங்காய்த் துருவல். வண்டியில் வாங்கும்போது ஆவி பறக்கிறதா என்று பாருங்கள். அடுப்பு அணைந்த பாத்திரத்திலிருந்து வெதுவெதுப்பாக ஊற்றினால் வாங்காதீர்கள், அந்தச் சூட்டில் சீக்கிரம் கெடும்.

தல்லாகுளம்:

முனிச்சாலைத் தங்கச்சி சொன்னதோடு இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

பார்சலுக்குத் தூக்குவாளி கொண்டு போங்கள். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை, ஆனாலும் கொதிக்கும் சால்னாவைப் பையில் கட்டுகிற கடைகள் இருக்கின்றன. வாளி நீட்டினால் யாரும் மறுப்பதில்லை, பெரும்பாலும் ஒரு கரண்டி கூடவே விழும். கறிதோசை, பன் புரோட்டா இரண்டையும் பார்சல் வாங்காதீர்கள், மூடிய ஆவியில் நமுத்துப்போகும். சுக்கா, அயிரைக் குழம்பு தாங்கும்.

புரட்டாசியிலும், கார்த்திகை மார்கழி மாலை போடும் காலத்திலும் அசைவ மெஸ்களில் வியாபாரம் குறையும். சில கடைகள் ஆடு எடுப்பதையே குறைத்துவிடும், அப்போது மூளையும் சுவரொட்டியும் கேட்டு ஏமாறாதீர்கள். அமாவாசையன்றும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை நேர்மாறு: எல்லாம் இருக்கும், இடம் இருக்காது. 12 மணிக்கே போய் நிற்க வேண்டும்.

ஊருக்குத் திரும்புகிறவர்கள் ரயில் நிலையம் பக்கம் பிரேம விலாஸில் சூடான அல்வாவை இலையில் வாங்கி நின்றபடியே சாப்பிடுங்கள். வீட்டுக்கும் கட்டிக்கொண்டு போவதானால், ரயிலில் ஏறியதும் பொட்டலத்தைக் கொஞ்சம் திறந்து வைத்து, முழுக்க ஆறிய பிறகு மூடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே நீர் வேர்த்து, இரண்டாம் நாளே பூசணம் பிடிக்கும்.