ஆற்றுக் குருட்டு நோய்: ஐவர்மெக்டினை நானே போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி:
கேமரூனில் சனகா ஆற்றோரம் இரண்டு வருடம் வேலை பார்த்துத் திரும்பினேன். ஆறு மாதமாக ஓயாத அரிப்பு. இரவில் சீப்பால் முதுகைச் சொறிந்து ரத்தமே வந்துவிடுகிறது. இடுப்பெலும்பின் மேல் புளியங்கொட்டை அளவில் வலிக்காத கட்டி ஒன்று. சிரங்கு என்று களிம்பு கொடுத்தார்கள், கேட்கவில்லை. அங்கே புழுவால் வந்து கண்ணைப் பறிக்கும் ஆற்றுக் குருட்டு நோய் உண்டு, அதற்காக ஊர்க்காரர்கள் வருடம் ஒருமுறை ஐவர்மெக்டின் என்ற புழு மாத்திரை போடுவார்கள். நானும் போடலாமா? கண் போய்விடுமோ என்று பயம்.

பதில் 1:
தயவுசெய்து நீங்களாகப் போடாதீர்கள். அந்தப் பக்கம் லோவா லோவா என்ற இன்னொரு புழுவும் உண்டு. ரத்தத்தில் அது மிக அதிகமாக இருக்கும்போது ஐவர்மெக்டின் போட்டால் மூளை பாதித்து உயிருக்கே ஆபத்தாகலாம். பகலில் எடுத்த ரத்தத்தில்தான் அது தெரியும். அதை முதலில் பாருங்கள். அப்புறம் தோலைத் துளி கிள்ளி உப்புநீரில் போடுவார்கள். ஆய்வகத்தில் நானே பார்த்திருக்கிறேன்: ஆற்றுக் குருட்டு நோய் இருந்தால் நூல் துணுக்கு மாதிரி அதன் குட்டிப்புழு நெளிந்து வெளியே வரும்.

பதில் 2:
ஐவர்மெக்டின் குட்டிப்புழுவைத்தான் கொல்லும். கட்டிக்குள் இருக்கும் தாய்ப்புழு 10 முதல் 15 வருடம் வாழும், அதனால்தான் மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுக்கிறார்கள். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை 6 வாரம் சாப்பிட்டால் புழுவுக்குள் குடியிருக்கும் வோல்பாக்கியா பாக்டீரியா அழியும், புழு மலடாகி மெல்லச் சாகும். கண்ணையும் இப்போதே காட்டுங்கள். கருவிழியில் தழும்பு விழுந்துவிட்டால் மருந்தால் அதை எடுக்க முடியாது.

கேட்டவர்:
சரி, மாத்திரையைத் தொடவில்லை. நாளை பகல் 11 மணிக்கு ரத்தம் கொடுக்கிறேன்.