கான்டெசா பாடி முறுக்கு: ரோல் கேஜ் முதல்லயா, சப்ஃபிரேம் கனெக்டர் முதல்லயா?

செல்லூர்_கான்டெசா
அண்ணன்மாருக்கு வணக்கம். வண்டி கான்டெசா, 1.8 இசுசு இன்ஜின். கோவை கரி ரேஸ் ட்ராக்குக்கும் ஆட்டோகிராஸுக்கும் (நேரத்தை எதிர்த்து ஓட்டுற பந்தயம்) தயார் பண்றோம். பாடி முறுங்குது. முன்பக்கம் ஒரு மூலையில ஜாக்கி ஏத்தினா அந்தப் பக்கக் கதவோட மேல் இடைவெளி குறைஞ்சு, பூட்டு பிடிக்குது. கண்ணாடி மூலையில பெயிண்ட் வெடிச்சிருக்கு. முன் ரெயில் (பாடிக்கு அடியில நீளவாக்குல ஓடுற சட்டம்) டிரைவர் காலடியில முடியுது, பின் ரெயில் பின்சீட்டுக்கு அடியில ஆரம்பிக்குது, நடுவுல வெறும் தரைத்தகடுதான். பட்டறையில 2 இஞ்ச் ஜிஐ பைப்புல ஆறு கால் ரோல் கேஜ் (வண்டி உருண்டா ஆளைக் காக்கிற குழாய்க் கூண்டு) போட்டா எல்லாம் சரியாயிடும்னு சொல்றாங்க. சரிதானா? அதை மாட்டிட்டு ரோட்டுல ஓட்டலாமா?

கப்பலூர்_ஃபேப்
தம்பி, கேஜுக்கு முன்னாடி துருவைப் பாருங்க. கதவுக்குக் கீழ இருக்கிற சில் பெட்டியை ஸ்க்ரூ டிரைவர் முனையால வரிசையா குத்துங்க. உள்ள இறங்குற இடத்தையெல்லாம் வெட்டி எடுத்துட்டு 1.2 மி.மீ. புதுத் தகடு போடணும். இந்த வண்டிக்குத் தனி சேசிஸ் கிடையாது, சில்தான் உத்தரம். பட்டி பூசி மூடின சில்லுல எதை ஒட்டினாலும் பலன் இல்ல.

அடுத்தது சப்ஃபிரேம் கனெக்டர், அதாவது முன் ரெயிலையும் பின் ரெயிலையும் இணைக்கிற டியூப். 50×50×3 மி.மீ. சதுர டியூப் எடுங்க. மீட்டருக்கு நாலேகால் கிலோ வரும், பக்கத்துக்கு ஒன்றரை மீட்டர்னா ரெண்டுக்கும் சேர்த்து 13 கிலோதான். ரெயில் முனையில முட்ட வெச்சு வெல்டு பண்ணிடாதீங்க. ரெண்டு முனையிலயும் குறைஞ்சது 150 மி.மீ. ரெயிலோட படிஞ்சு ஓடணும். டியூப் முனையை நேரா அறுக்காம சாய்வா அறுங்க. கெட்டியான டியூப் சட்டுனு முடியுற இடத்துலதான் மெல்லிய ரெயில் கிழியும். ஆர்க்கை 3 மி.மீ. டியூப் மேல காட்டி, ரெயில் பக்கம் லேசா இழுங்க, இல்லைன்னா ரெயில் ஓட்டையாயிடும்.

டியூபைத் தரைக்கு அடியில தொங்கவிட்டா 50 மி.மீ. கிளியரன்ஸ் போயிடும், நம்ம ஊரு வேகத்தடை ஒவ்வொண்ணுலயும் இடிக்கும். தரையை நீளவாக்குல கீறி, டியூப் பாதி மேல பாதி கீழ உட்கார்ற மாதிரி வெச்சு, ரெண்டு ஓரமும் 25 மி.மீ. வெல்டு, 75 மி.மீ. இடைவெளின்னு தையல் போடுங்க. பக்கம் மாத்தி மாத்திப் போடணும், ஒரே பக்கமா ஓட்டினா இழுத்துக்கும். இப்படிச் செஞ்சா தரைத்தகடும் சேர்ந்து பாரம் தாங்கும். டியூபுல இருந்து சில்லுக்குப் பக்கத்துக்கு ரெண்டு குறுக்குக் கட்டையும் வேணும்.

வெல்டிங் நேரத்துல வண்டி நாலு சக்கரத்துல, சமமான கட்டைகள் மேல நிக்கணும். ரெயிலுக்கு அடியில ஸ்டாண்ட் வெச்சு வெல்டு பண்ணினா அந்த வளைவு நிரந்தரமாயிடும். கதவு நாலும் மாட்டியே இருக்கட்டும், இடைவெளியை அடிக்கடி அளங்க. பெட்ரோல் டேங்க்கை முழுசா இறக்கிடுங்க, காலி பண்ணினா போதாது, உள்ள ஆவி இருக்கும். பேட்டரி டெர்மினலைக் கழட்டுங்க. தரை மேல ஒட்டியிருக்கிற தார் ஷீட்டைச் சுரண்டி எடுக்கணும். கீழ வெல்டு போடுறவருக்குத் தெரியாம மேல அது பத்திக்கும். ஈரச் சாக்கோட ஒருத்தர் வண்டிக்குள்ள இருக்கணும்.

புதூர்_டிங்கர்
ஜிஐ பைப் வேண்டவே வேண்டாம். அது தண்ணி பைப். துத்தநாகப் பூச்சு வெல்டுல குமிழி விடும், புகை ஆளுக்குக் காய்ச்சல் கொண்டுவரும். எஃப்.ஐ.ஏ. (உலக மோட்டார் பந்தய அமைப்பு) விதி கேட்கிறது கோல்ட் ட்ரான் சீம்லெஸ் (குளிர்நிலையில இழுத்த, தையல் இல்லாத) கார்பன் ஸ்டீல்: மெயின் ஹூப் (சீட்டுக்குப் பின்னாடி நிக்கிற பெரிய வளைவு) விட்டம்×தடிமன் 45×2.5 இல்லைன்னா 50×2 மி.மீ., குறுக்குச் சட்டமும் பின்தாங்கியும் (ஹூப்புல இருந்து பின்னாடி சாய்ஞ்சு இறங்குற குழாய்) 38×2.5 இல்லைன்னா 40×2. மெயின் ஹூப் ஒரே துண்டா, குளிர்நிலையில வளைச்சதா இருக்கணும். வளைவு ஆரம் விட்டத்தைப் போல 3 மடங்கு, 45 பைப்புக்கு 135 மி.மீ. மணல் அடைச்சுச் சூடுபண்ணி வளைச்சா உள்பக்கம் சுருங்கிடும்.

காலுக்கு அடியில 3 மி.மீ. தகடு, மெயின் ஹூப்புக்கும் முன்காலுக்கும் 120 சதுர செ.மீ. இதைத் தரையில படுக்க வைக்காம, எல் மாதிரி மடிச்சு சில்லோட நிமிர்ந்த பக்கத்துலயும் சேர்த்து வெல்டு பண்ணுங்க. வெறும் தரை ட்ரம் தோல் மாதிரி, குத்திக்கிட்டு இறங்கிடும். போல்ட் போடுற கேஜ்னா காலுக்கு 3 எம்8 (8 மி.மீ.) போல்ட், 8.8 வலிமை கிரேடு. ஆளைக் காப்பாத்த அது போதும். பாடியைக் கெட்டியாக்க வெல்டுதான் நல்லா உதவும்.

முறுக்கைத் தடுக்கிறது முக்கோணம். மெயின் ஹூப்புல மூலைவிட்டம், பின்தாங்கிக்கு நடுவுல மூலைவிட்டம், கதவுல குறுக்குக் கம்பி. இதெல்லாம் இல்லாத ஆறு கால் கேஜ் வெறும் சதுரம், சதுரம் சாயும். கூரை ஒட்டின ஜாயிண்டுல மேல்பக்கம் வெல்டு எட்டாதுன்னு பலபேர் விட்டுடுறாங்க. கால் தகடு வர்ற இடத்துல தரையை வெட்டி, கேஜைக் கீழ இறக்கி, மேல சுத்தியும் வெல்டு முடிச்சுட்டு, தூக்கி, வெட்டின இடத்தை மூடுற கால் தகடு மேல உட்கார வைங்க.

செல்லூர்_கான்டெசா
நன்றிண்ணே, ஜிஐ கைவிட்டாச்சு. வேலைக்கு முன்னாடி பின்னாடி எவ்வளவு கெட்டியாச்சுன்னு எப்படி அளக்கிறது?

கப்பலூர்_ஃபேப்
பின் ஸ்பிரிங் உட்கார்ற இடம் ரெண்டுலயும் ஸ்டாண்ட். முன் ரெயிலுக்குக் குறுக்க கெட்டியான பீம் போல்ட் பண்ணி, நடுவுல ஒரே முளை மேல தாங்குங்க. நடுவுல இருந்து 1 மீட்டர் தள்ளி ரெண்டு சிமெண்ட் மூட்டை, அதாவது 100 கிலோ தொங்கவிடுங்க. முறுக்கு விசை 981 நியூட்டன் மீட்டர். பீம் நுனி 1 மீட்டர் தூரத்துல 5.2 மி.மீ. இறங்கினா 0.3 டிகிரி, அப்ப டிகிரிக்கு சுமார் 3270 நியூட்டன் மீட்டர். பின்பக்கமும் ஒரு கம்பி கட்டி அங்க சாயுறதைக் கழிச்சுக்கோங்க. ரெண்டு பக்கமும் 3 செ.மீ. இடைவெளி விட்டுப் பாதுகாப்புக்கு ஸ்டாண்ட் இருக்கணும். கனெக்டர் முடிஞ்சதும் ஒரு தடவை, கேஜ் முடிஞ்சதும் ஒரு தடவை அளந்தா எது எவ்வளவு குடுத்துச்சுன்னு தெரியும்.

திருமங்கலம்_ரேலி
ரோட்டுல ஓட்டக் கேட்டிருந்தீங்க. வேண்டாம் தம்பி. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு மாற்றத்தைத் தடுக்குது, 2019-ல சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி பண்ணிடுச்சு. அதை விட முக்கியம், ஹெல்மெட் இல்லாத தலைக்கு 45 மி.மீ. இரும்புக் குழாய் ஒரு கை தூரத்துல இருக்கும். பேடிங் போட்டாலும் அது ஹெல்மெட்டுக்காகச் செஞ்சது. கோவைக்கு ட்ரெய்லர்ல ஏத்திக்கிட்டுப் போங்க. பைப் வாங்குறதுக்கு முன்னாடியே எஃப்.எம்.எஸ்.சி.ஐ. (இந்திய மோட்டார் பந்தய அமைப்பு) விதியை உங்க பந்தய வகுப்புக்குப் பார்த்துடுங்க, வெல்டு பண்ணின பிறகு அளவு தப்புன்னா அறுத்துதான் எடுக்கணும்.