கொழும்புப் புறக்கோட்டை ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) நூதனசாலைக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகலாமா?

வெள்ளவத்தை_அம்மா:
மகள் ஓ/எல் (சாதாரண தரப் பரீட்சை) படிக்கிறாள், ஒல்லாந்தர் காலப் பாடம் மண்டையில் ஏறுதில்லை என்கிறாள். பிரின்ஸ் வீதி நூதனசாலைக்குக் கூட்டிப்போனால் பிரயோசனமா?

புறக்கோட்டைக்காரன்:
கட்டாயம் கூட்டிப்போங்கோ அக்கா. நான் அந்த வீதியில் கடையில் நிற்கிறவன். நாட்டாமைமார் (சுமை தூக்குகிறவர்கள்) மூட்டையோடு ஓடுகிற சந்தடிக்குள் பெருந்தூண்களோடு ஒரு வீடு நிற்கும், அதுதான். 1692 முதல் 1697 வரை ஒல்லாந்தரின் இலங்கை ஆளுநராக இருந்த தோமஸ் வான் ரீ வாழ்ந்த வீடு. பிறகு ஆஸ்பத்திரி, தபால் கந்தோர் என்று பல வேஷம் போட்டு, 1982இல்தான் நூதனசாலையானது.

மகளைக் கல்லறைக் கற்களுக்கு முன்னால் நிற்கவையுங்கோ. ஆள் உயரப் பலகைக் கல், ஆழமாய் வெட்டிய எழுத்து, குடும்பச் சின்னம். விரலால் தடவிப் பார்க்கத்தான் மனம் வரும், தொடக்கூடாது. வி.ஓ.சி. (ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி) முத்திரை பதித்த நாணயங்களையும் காட்டுங்கோ. 1656இல் கொழும்பைப் பிடித்தது ஒரு வியாபாரக் கம்பனி என்பது அப்போதுதான் விளங்கும். கறுவாப்பட்டைக்காக வந்தவர்கள்! அதைத் தோலுரித்துக் கொடுத்த நம்மவர்களைப் பற்றியும் வீட்டில் சொல்லிக்கொடுங்கோ. அந்தத் தளபாடங்களை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் எனக்கு மனம் ஆறாது.

ஜிந்துப்பிட்டி_தம்பி:
திருத்தவேலைக்காக இடைக்கிடை பூட்டுவார்கள், போகமுன் போன் பண்ணிக் கேளுங்கோ. அப்படியே வுல்பெண்டால் தேவாலயமும் பாருங்கோ, கிட்டத்தான்.

வெள்ளவத்தை_அம்மா:
நன்றி தம்பிமார். சரி, கறுவாக் கதையை இன்றிரவே தொடங்குகிறேன்.